சுவரொட்டியைச் சுரண்டிய பகல்

என்னைக் கண்ணு என்று கூப்பிட்டே பழகிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. அம்மாவையும் தம்பி கதிரையும் கோபியில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கீழ் அறையைக் கதிருக்கு ஒழித்துக் கொடுத்தாயிற்று. சக்கர நாற்காலி போய்வர வாசற்படியை இடித்துச் சரிவாகப் பூசினார் உங்கள் மாப்பிள்ளை. சன்னலைத் திறந்தால் நெல்வயல். காலையில் கதிர் பேப்பரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். பழகாதவர்களுக்கு அவன் பேச்சு ஒரே இழுப்பாகத்தான் கேட்கும். அம்மாவுக்கு ஒரு எழுத்துத் தப்பாது.

உங்களோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த முதல் நாளைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசவிட்டதில்லை நீங்கள். இனி எழுந்து போக உங்களால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் யாராவது அந்த நாளை இழுப்பார்கள். தொண்ணூற்றொன்று மே மாதம். பிரசாரத்துக்கு வந்த தலைவர் குண்டு வெடித்து இறந்துபோன சேதி இரவோடு இரவாகப் பரவி, விடிந்தபோது ஊரே அடைத்துக் கிடந்த நாள். ரேடியோவில் வீணை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பாள் ஒருத்தி. பால் வரவில்லை, வரக்காப்பி குடித்தோம் என்பார் ஒருவர். என் முறை வந்தால், "எனக்கு அப்ப நாலு வயசுங்க, ஒண்ணும் ஞாபகமில்லை" என்று சொல்லிவிடுவேன்.

அது பொய், அப்பா. எல்லாம் ஞாபகமிருக்கிறது. அதுவும் சந்தோசமாக ஞாபகமிருக்கிறது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

சின்னியம்பாளையத்தில் நாம் குடியிருந்த லைன் வீடு. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து உங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது நம்ம கையில ஆகாதுங்கண்ணா. கொழந்த தலை திரும்பலையாட்டம் இருக்குது. பீளமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க."

பஸ் இல்லை. ஆட்டோ இல்லை. நீங்கள் ஊருக்குள் கார் வைத்திருந்தவர் வீட்டுக்கு ஓடியதையும், "கண்ணாடிய ஒடைச்சுப்போடுவாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அவர் கும்பிட்டதையும் பின்னாளில் பாப்பாத்தியக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவின் வீட்டுக்காரர் வாழைப்பழம் விற்கும் தள்ளுவண்டியை நீங்கள் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததுதான். மேலே மெத்தையை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தீர்கள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அம்மாவின் தலைமாட்டில் குடையைக் கொடுத்து உட்கார வைத்தீர்கள்.

அவினாசி ரோட்டில் ஒரு வண்டி இல்லை. நடு ரோட்டில் நாம் மட்டும். நீங்களும் பாப்பாத்தியக்காவும் தள்ளத் தள்ள எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா முனகியது காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். அதை நான் வைத்துக்கொள்ளவில்லை, காற்றைத்தான் வைத்துக்கொண்டேன். நாலு வயதுப் பிள்ளையின் மனசு அப்படித்தானா, அப்பா? இல்லை, என் மனசு மட்டும்தான் அப்படியா?

ஓரிடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரக்கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள். டயர் எரிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர், எல்லாம் இளவட்டம். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். நம் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த துரைசாமியும் அதில் இருந்தார். வண்டியின் பக்கப் பலகையில் எவனோ தேர்தல் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அது அவர்களுக்கு ஆகாத கட்சியின் சுவரொட்டி.

"இதைய வெச்சுக்கிட்டு இந்த வழியா எப்படீங்க வாரீங்க?" என்றார் துரைசாமி.

"வண்டி என்னுதில்லீங்க. பொம்பளைக்கு வலி எடுத்துப்போச்சு. விடுங்க, நேரமாகுது."

"கிழிச்சுப்போட்டுப் போங்க. ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது."

நீங்கள் மண்டியிட்டீர்கள். மைதாப் பசை காய்ந்து பலகையோடு பலகையாக ஒட்டிக் கிடந்தது. வார்ப்படப் பட்டறை வேலையில் தேய்ந்துபோன நகத்தால் நீங்கள் சுரண்டினீர்கள். துரைசாமி என்னைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார். நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினேன். விளையாட்டென்று நினைத்தேன். நீளமாக ஒரு பட்டை உரிந்து வந்தபோது அதைத் தூக்கிக் காட்டினேன். "பாப்பா கெட்டிக்காரி" என்று அவர் என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாப்பாத்தியக்கா யார் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் தலையை நிமிர்த்தவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நாலு வயதில் நேரம் ஏது? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கதிர் பிறந்தபோது அழவில்லையாம். நீலம் பாரித்திருந்தானாம். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டரம்மா அதோடு நிறுத்திக்கொண்டாராம். முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருப்பானா, எப்படி வந்திருந்தாலும் இப்படித்தானா? அந்தப் பாதி வாக்கியத்தின் மேல்தான் நம் வீடு இத்தனை வருசமும் நின்றது.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு சனிக்கிழமை ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதிரைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போவீர்கள். மே மாதம் வந்தால் டிவியில் அந்தத் தலைவரின் படத்துக்கு மாலை போட்டுக் காட்டுவார்கள். எழுந்து போய் டிவியை அணைத்துவிடுவீர்கள். நான் மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது, "ஏனுங்கப்பா, அன்னைக்கு நாம வண்டில போனமே" என்று ஆரம்பித்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அன்று மாலையே பாப்பாத்தியக்காவைக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு சிறு வயதில் சந்தோசமாக இருந்தது எது என்று யாராவது கேட்டால், பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கதிருக்கு ஏழு வயதில் மூன்று சக்கர சைக்கிள் செய்யவேண்டி வந்தது. ஊரில் வேறு கடையும் இருந்தது. நீங்கள் துரைசாமியிடம்தான் போனீர்கள், கதிரையும் தூக்கிக்கொண்டு. நானும் கூட வந்தேன். அவர் கதிரின் காலை மடியில் வைத்து, வலிக்காமல் நீவி நீவி அளவெடுத்தார். நீங்கள் அளவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த சைக்கிளை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அம்மா கதவில் கையை வைத்து நின்றாள். "அவன் வேலை சுத்தமா இருக்குமம்மிணி" என்றீர்கள், அவ்வளவுதான். நிஜமாகவே வேலைக்காகத்தான் போனீர்களா? இல்லை, அந்தக் காலைப் பார்த்தாவது அவருக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று பார்க்கப் போனீர்களா? மன்னித்துவிட்டுப் போனீர்களா, மன்னிக்க முடியாமல் போனீர்களா?

நீங்கள் இறந்த அன்று துரைசாமி வந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. பாடை தூக்கத் தோள் கொடுக்க முன்னால் வந்தவரை அம்மா கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்து அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏனுங்க, தலைவர் செத்து மக்யா நாள் விடிஞ்சதும் ரோட்டை மறிச்சீங்களே. ஞாபகமிருக்குதுங்களா?"

அவர் முகம் கனிந்துவிட்டது. "மறக்குமுங்களாம்மா? அன்னைக்குப் பூரா பச்சைத்தண்ணி பல்லுல படலீங்க. எங்கப்பன் செத்தப்பகூட அப்படி அழுகலீங்க."

"ஒரு தள்ளுவண்டி வந்துச்சுங்களே."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அப்பா. நான் பார்த்தேன். "எத்தனையோ வந்துச்சுங்கம்மா. எதுவும் நெனப்புல இல்லீங்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

அம்மா பாடையை விட்டு விலகி வழிவிட்டாள். "ஒண்ணுமில்லீங்க. தூக்குங்க, நேரமாகுது" என்றாள்.

அவர் தூக்கினார். மயானம் வரைக்கும் தோள் மாற்றவில்லை என்று சொன்னார்கள்.

கதிர் அப்போது நாற்காலியில் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். யாரும் கவனிக்கவில்லை. போன வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான். "அக்கா, அம்மா அன்னைக்குக் கேட்டது நா பொறந்த நாளைத்தான? எந்த வண்டி?"

"பொறக்கும்போதே அப்படித்தான் சாமி" என்று நீங்கள் அவனுக்குச் சொல்லிவந்த பதில் என் நாக்கு வரைக்கும் வந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "சொல்லிப்போடு தனம். அவரு இருந்தவரைக்கும் அவரு பேச்சைக் கேட்டாச்சு."

ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். டாக்டரம்மா முடிக்காமல் விட்டதை நானாக முடிக்கமாட்டேன். துரைசாமி பேரைச் சொல்வேன், அவர் மயானம் வரை தூக்கியதையும் சொல்வேன். அவன் அக்கா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள் என்பதை மறைக்கமாட்டேன். கேட்டுவிட்டு அவன் அழுதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கத்தினால் கத்தட்டும். "விடு சாமி, போனது போச்சு" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் சொல்லமாட்டேன், அப்பா. அந்தக் கோபம் அவனுடையது. அவனிடமே கொடுத்துவிடுகிறேன்.

கதிரின் அக்கா, உங்கள் மூத்தவள்,
தனம்