இருநூறு புள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். யாரும் கேட்கவில்லை, நூலகத்துப் படிவம் கேட்டது. அதில் வயதுக்கு இரண்டே கட்டங்கள். மாதத்தையும் நாளையும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் ஆவணக்காப்பகத்தில் இருந்தவளுக்கு அரைகுறைத் தகவல் ஒத்துக்கொள்ளாது.

ஓவிய வகுப்பு நிரம்பிவிட்டதாம். மீதமிருந்தது ‘அன்றாட வாழ்வில் நிகழ்தகவு’, செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு. கணக்கின்மீது எனக்குக் காதல் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். (திங்கள், புதன் இன்ன பிற கிழமைகளிலும் இல்லை, ஆனால் வகுப்பு அன்று நடப்பதில்லை.)

நடத்துபவர் காப்பீட்டு நிறுவனத்தில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்கிட்டு ஓய்வு பெற்ற அம்மாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். காப்பீட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். மாணவர்கள் ஒன்பது பேர், எல்லோரும் கிழடுகள். என் பக்கத்து நாற்காலி, லிப்ட் பழுதுபார்த்து வந்த ஒருவருக்கு. நாலு தடவை தலை விழுந்தால் அடுத்தது பூவாகத்தான் இருக்கவேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். அவர் பழுதுபார்த்த லிப்டில் நான் ஏறாதது என் அதிர்ஷ்டம்.

வீட்டுப்பாடம்: ஒரு காசை நூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுதி வரவேண்டும்.

மார்ச் 5, வியாழன்

நான்காவது சுண்டலில் காசு அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. குனிய முழங்கால் சம்மதிக்கவில்லை. மீதி தொண்ணூற்றாறையும் யோசித்து எழுதினேன்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை மகள் அழைக்கவில்லை.

அவள் ஞாயிறுகளில்தான் அழைப்பாள். ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறாள். நான் அழைப்பதில்லை. வேலையும் கணவனும் உள்ள பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்வது?

வேலையில்லாத கை சும்மா இராது. போன ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். ஐம்பத்திரண்டு ஞாயிறுகளில் முப்பத்து நான்கில் அழைத்திருக்கிறாள். மூன்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். வானிலையையும் நான் குறித்து வைப்பேனாகையால் இன்னொன்றும் தெரிந்தது. மழை பெய்த ஞாயிறுகள் பதினான்கு. அவற்றில் பதின்மூன்றில் அழைப்பு உண்டு. மழையில்லாத முப்பத்தெட்டில் இருபத்தொன்றுதான். வெளியே போக முடியாதபோது பெரியம்மா நினைவு வருகிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன் – துளி மேகம் கிடையாது.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

காப்பீட்டம்மா எல்லோருடைய தாள்களையும் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று என்னுடையது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன நாகரிகத்துக்கு நன்றி.

“இத நீங்க சுண்டவே இல்லம்மா.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் நூறில் தொடர்ந்து நான்கு தலையோ நான்கு பூவோ ஓரிடத்திலும் இல்லையாம். உண்மையான காசு ஐந்து, ஆறு என்று ஒரே பக்கமாக விழுந்து தள்ளும். அதற்கு வெட்கம் இல்லை. பொய் சொல்கிறவர்கள்தான் மாற்றி மாற்றி ஒழுங்காக எழுதுவார்களாம்.

லிப்டுக்காரர் உண்மையாகவே நூறு தடவை சுண்டியிருக்கிறார். ஒருமுறை ஏழு தலை தொடர்ந்து விழுந்ததாம். அதற்கடுத்தது? அதுவும் தலைதான். மனிதர் கொஞ்சம் இடிந்துபோயிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பதினொன்றரைக்கு அழைத்தாள்.

குழந்தைக்காகச் சிகிச்சை தொடங்கப் போகிறார்கள். முப்பத்தாறு வயதாகிவிட்டதே, இனித் தள்ள முடியாது என்றாள். முப்பதாம் தேதி மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுக்கவேண்டும். அதில் குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் உண்டா என்றொரு கேள்வி. அவள் அம்மா, அதாவது என் தங்கை, முப்பத்தாறு வயதில் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தவள்; அங்கே எழுத ஒன்றுமில்லை.

“தாத்தா எதுல போனாரு பெரியம்மா?”

நரம்புத் தளர்ச்சி என்றேன். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“அப்ப இல்லன்னு போட்டுடறேன்.”

மழை அங்கேயும் பெய்கிறதா என்று கேட்டேன்.

மார்ச் 16, திங்கள்

எழுதியே தீரவேண்டும் என்றால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயதில் கை தானாக ஆடத் தொடங்கியது. பிறகு நடை, பிறகு பேச்சு, கடைசியில் புத்தி. ஐம்பத்து நான்கில் முடிந்தது. வார்டுக்கு வெளியே மருத்துவர் என்னை மட்டும் நிறுத்தினார். எனக்கு இருபத்தாறு வயது. வீட்டில் பட்டம் பெற்றவள் நான் ஒருத்திதான். இது வம்சத்தில் இறங்கும் நோய், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். அம்மாவுக்குச் சொல்லிப் பயனில்லை. தங்கை பதினான்கு வயதுப் பள்ளிப் பெண். அவளும் நானும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைய பாடம் எதிர்பார்ப்பு மதிப்பு. நடக்கக்கூடிய ஒவ்வொன்றையும் அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டவேண்டும். என் பேருந்தையே உதாரணமாகக் கொடுத்தேன். நூலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். மூன்றில் இரண்டு நாள் பேருந்து வந்துவிடும், பத்து நிமிடம். மூன்றில் ஒரு நாள் வராது. இருபது நிமிடம் நின்று அலுத்து, பிறகு நடந்தால் நாற்பத்தைந்து. கணக்குப்படி பேருந்துக்குச் சராசரி ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடம். ஆகவே பேருந்துக்கு நிற்பதே மேல்.

அந்த இருபத்திரண்டு நிமிடப் பயணத்தை நான் ஒருநாளும் போனதில்லையே என்றேன். பத்து, இல்லையென்றால் நாற்பத்தைந்து. சராசரி என்பது யாருக்கும் நடக்காத ஒன்று.

வருடம் முழுக்கப் போகிறவர்களுக்கு அது உதவும் என்றார் காப்பீட்டம்மா. ஒரே ஒரு தடவை போகிறவர்களுக்கு என்று கேட்டேன்.

“அப்ப, ரெண்டுல எத தாங்க முடியும்னு பாக்கணும்” என்றார்.

மார்ச் 19, வியாழன்

நூலகத்து மருத்துவ நூலில் அந்த நோய் இருக்கிறது. ஒரு பக்கம். நோய் இறங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முப்பத்தாறு வயதுக்குள் வெளியே தெரிந்துவிடுமாம். எழுபதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும்.

காப்பீட்டம்மா சொல்லிக்கொடுத்தபடி சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணினேன். ஒரு பெரிய தாளில் இருநூறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் அப்படிப்பட்ட ஓர் அப்பாவுக்குப் பிறந்த பெண், என் தங்கையைப்போல. நூறு பேர் உடம்பில் நோய் உண்டு, நூறு பேருக்கு இல்லை. முப்பத்தாறு வயதுக்குள் அந்த நூறில் இருபது பேருக்குக் கை ஆடிவிடும், அவர்களை அடித்தேன். தங்கைக்கு ஆடவில்லை. ஆகவே அவள் மிச்சமுள்ள நூற்று எண்பதில் ஒருத்தி. அதில் எண்பது பேர் நோயைச் சுமப்பவர்கள். நூற்று எண்பது பேருக்கும் ஆளுக்கொரு மகள் என்று வைத்தேன். நோயைச் சுமக்கும் எண்பது பேரின் மகள்களில் பாதி, நாற்பது பேருக்கு இறங்கும். அதில் எட்டு பேருக்கு முப்பத்தாறுக்குள் தெரிந்துவிடும், அவர்களையும் அடித்தேன். மிச்சம் நூற்று எழுபத்திரண்டு மகள்கள். அதில் நோயைச் சுமப்பவர்கள் முப்பத்திரண்டு பேர்.

ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. பேருந்து வராமல் போகும் வாய்ப்பைவிடச் சிறியது. அந்தப் பேருந்து எத்தனை தடவை வராமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

தாளின் மறுபக்கத்தில் எனக்கும் இருநூறு புள்ளி போட்டேன். எழுபத்தெட்டு வயதில், கை ஆடாமல் எழுதிக்கொண்டிருப்பவள். நோயுள்ள நூறையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்றிரண்டு மிஞ்சின. அது நானில்லை.

என்னைக் கேட்டு வந்த நில அளவையாளரை வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு இருபத்தெட்டு. அவர் மூக்கால் சிரிக்கிறார் என்று வீட்டில் காரணம் சொன்னேன். (உண்மைதான், மூக்கால்தான் சிரிப்பார்.) அன்று என் கணக்கு பாதிக்குப் பாதி. ஆனால் ஐம்பதாவது பிறந்த நாளில் அது பாதியாக இல்லை. அறுபதில் இன்னும் தேய்ந்துவிட்டது. ஆண்டுதோறும் யாரோ என் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை எனக்கு. ஒருமுறை கேட்ட எண்ணைப் பூட்டிவைத்துவிட்டு, அதற்கடுத்த ஐம்பது ஆண்டுகள் அதன் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறேன்... முட்டாள்.

இனி இதற்காக அழ முடியாது. ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

மார்ச் 24, செவ்வாய்

வகுப்பு முடிந்தபின் காப்பீட்டம்மாவிடம் ஒரு அட்டவணையைக் காட்டினேன். ஒரு தோழிக்காக என்றேன். சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பு. உறவு முறிதல்: கழித்தல் எண்பது. ஞாயிறு அழைப்பு நிற்பது: கழித்தல் தொண்ணூறு. எப்படிக் கூட்டினாலும் சொல்லாமல் இருப்பதே லாபமாக வந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எல்லா வரியிலும் உங்கள் தோழிக்கு என்ன நஷ்டம் என்றுதானே இருக்கிறது, நோய் வரக்கூடியது யாருக்கு என்று கேட்டார். தோழியின் தங்கை மகளுக்கு என்றேன்.

“அப்ப அந்தப் பொண்ணோட கணக்கு எங்கம்மா?”

தாளை மடித்தேன். கதவருகே குடையைத் தேடிக்கொண்டிருந்த லிப்டுக்காரர் இதையெல்லாம் கேட்டிருக்கிறார். படி இறங்கும்போது கூடவே வந்து, “உங்க தோழிக்கும் உங்க கையெழுத்துதான் போல” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் நிறுத்தம்வரை நடந்து வந்தார். பேருந்து வந்துவிட்டது.

மார்ச் 26, வியாழன்

பள்ளி இடைவேளை பத்து நாற்பதுக்கு. நானே அழைத்தேன்.

“பெரியம்மா? விழுந்துட்டீங்களா?”

நான் அழைப்பதற்கு அவள் கைவசம் வேறு காரணம் இல்லை. விழவில்லை என்றேன். பிறகு தாளைப் பார்த்துப் படித்தேன் – தாத்தாவின் கை, மருத்துவர் சொன்னது, நூற்று எழுபத்திரண்டு, முப்பத்திரண்டு. ரத்தப் பரிசோதனை இருக்கிறது, படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதாதே என்றேன். காப்பகத்தில் கோப்பு எண் வாசிப்பதுபோல வாசித்தேன்.

பின்னால் பிள்ளைகளின் கூச்சல் மட்டும்.

“இது உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“இருபத்தாறு வயசுலேர்ந்து.”

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

நல்ல மழை. அழைக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இல்லை.

கைபேசி வேலை செய்கிறதா என்று பார்க்க, லிப்டுக்காரர் எழுதிக்கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். வேலை செய்கிறது. அவர் அரைமணி நேரம் பேசினார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. வாய்ப்புக் கணக்கை எனக்குப் போதித்தவரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்று அறையையும் பெருக்கினேன். தூசி இல்லை. யார் நடந்தார்கள் தூசி சேர?

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில். பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு சின்னப் பையோடு தங்கை மகள் நின்றாள். சொல்லிவிட்டு வரவில்லை. இந்த வீட்டுக்கு அவள் கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது.

உட்காராமலே சொன்னாள்: படிவத்தில் ‘தெரியாது’ என்று எழுதினார்களாம். சிகிச்சை நிற்கிறது. ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவுக்கு ஆறு வாரம். கணவனுக்கு என்மேல் கடுங்கோபம். தனக்கு என்ன என்று அவள் சொல்லவில்லை. தேநீர் போட்டேன், குடித்தாள். மாலை வண்டிக்குத்தான் சீட்டு எடுத்திருக்கிறேன் என்றாள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். “அம்மாவுக்குத் தெரியுமா?”

இதை எண்ணித்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. ‘தெரியும்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சரிபார்க்க உலகில் ஒருவரும் இல்லை. சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. மாலை வண்டி போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, இன்னும் படுத்திருக்கிறாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். முப்பத்தொன்பது ஆண்டுகளாக எந்தத் தாளிலும் ஏறாதது.

தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அவளுக்கு இருபத்தேழு வயது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பாவுக்கு வந்தது நமக்கும் வருமாக்கா? வரும்னா இப்பவே சொல்லிடு, நான் கட்டிக்கல.”

எனக்குப் பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரியும். “வராது” என்றேன்.