எடைக்கு எடை வெல்லம்

18-1-1974

பனிமலைக் காவலிலிருந்து மகன் விடுப்பில் வந்திருக்கிறான். உயிரோடு திரும்பினால் எடைக்கு எடை மண்டை வெல்லம் தருவதாக வேண்டியிருந்தேன். குளிர்நாட்டில் உடம்பு கொழுப்புச் சேர்க்கும் என்று படித்திருக்கிறேன். வந்தவனுக்கு முகமும் உப்பித்தான் இருந்தது. பட்டாளத்துக்குப் போன அன்று அவன் இருந்த எடைக்குக் கம்பம் சந்தையில் வெல்லம் வாங்கினேன். போதாது என்றே நினைத்தேன்.

இன்று கோயில் தராசில் உட்கார்ந்தான். வெல்லத் தட்டு தரையில் இடித்தது. அவன் தட்டு மேலேயே நின்றது.

"வெல்லத்த எறக்குங்கய்யா" என்றார் பூசாரி.

இறக்கினோம். இன்னும் இறக்கினோம். அவன் தட்டு அசையவில்லை.

"ஏலே மாப்ள, உள்ள பஞ்சா அடைச்சிருக்கு?" என்றான் என் மைத்துனன். யாரும் சிரிக்கவில்லை.

தராசு கோளாறு என்று சொல்லி, அவனை இறக்கிவிட்டு நானே ஏறி உட்கார்ந்தேன். தட்டு சட்டென்று இறங்கியது.

மகன் மெதுவாகச் சொன்னான்: "தராசு சரியாத்தான்ப்பா இருக்கு. அங்கன பசியே எடுக்காது. குளுருக்கு ஒடம்பு தன் கொழுப்பையே எரிச்சுக் காயுது. மொகத்துல இருக்கது வெறும் வீக்கம்."

கையைப் பிடித்தேன். கம்பளிச் சட்டைக்குள் எலும்புதான் அகப்பட்டது. ஆனால் அடுப்பைத் தொட்டதுபோல் சுட்டது. காய்ச்சல் இல்லையாம். அடுத்த வாரம் அங்கேயே திரும்பிப் போகிறானாம்.

மறுபடி அவனை உட்காரவைத்து, தட்டு சமனாகும்வரை வெல்லத்தை இறக்கினோம். மிஞ்சிய வெல்லத்தை வண்டியில் ஏற்றச் சொன்னாள் அவன் அம்மா. நான் விடவில்லை. அதுவும் என் பிள்ளையின் எடைதான். சாமியே வைத்துக்கொள்ளட்டும். அவ்வளவு பிள்ளை எங்கே போனான் என்று எனக்குப் பதில் சொல்லட்டும்.