மச்சம் இல்லையாம்

பிளஸ்ஸி அப்பா,

தூங்குகிறீர்கள். எழுப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் காதோரத்தில் இருப்பது மச்சம் இல்லையாம். சதை கிள்ளி அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட்டில் தோல் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. நேற்றே வாங்கிவிட்டேன்.

"பி.டி. மாஸ்டரா? இருபது வருஷ வெயில்மா" என்றார் டாக்டர். "கறுப்புத் தோலை வெயில் என்ன பண்ணும்?" என்று நீங்கள் தொப்பியை ஒதுக்கியபோது நானும்தான் சிரித்தேன். அந்த மச்சம் பெரிதானபோது "மச்சக்காரர்" என்று அதன்மேலேயே முத்தம் கொடுத்தேன்.

ஆரம்பம்தானாம். வெட்டி எடுத்தால் சரியாகிவிடுமாம். குரோம்பேட்டை கிளினிக்கில் டோக்கன் போடப் போகிறேன், பத்து மணிக்கு வந்துவிடுங்கள். இட்லி ஹாட்பேக்கில் இருக்கிறது.

கிருபா

பி.கு.: பிளஸ்ஸி வெறுந்தலையோடு சேலையூர் கிரவுண்டுக்குப் போய்விட்டாள். கேட்டால், "அப்பா போடுறாரா?" என்கிறாள். ஆணியில் இரண்டு தொப்பி இருக்கிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், இன்னொன்றை அவளிடம் கொடுங்கள்.