எல்லா விளக்கும் எரிந்த நாள்

டீச்சர்,

மதிப்பீட்டுப் படிவத்துக்காகப் பீரோவைத் திறந்தேன், உங்கள் ஸ்டிக்கர் சுருள் கையில் வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டே படித்து டீச்சரானவர் நீங்கள். துணியில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டும் அந்தச் சிவப்பு அம்புகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். இன்று அறிவியல் முகாமின் கடைசி நாள். நீங்கள் காலமான பிறகு நடக்கும் முதல் முகாம்.

நமக்குள் மனத்தாங்கல் வந்த அந்த வருடமும் இப்படித்தான். ஒரு ஏற்றுமதி கம்பெனியின் செலவில் மூன்று நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி விளக்குகள் அத்தனையும் எரிந்தன. கம்பெனிக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் நான் குஷியில் எல்லோருக்கும் 'மிக நன்று' போட்டேன். தமிழ் இன்னும் பிடிபடாத ஒடிசா தையல்காரர் மகள் மட்டும் வாயே திறக்கவில்லை. அவளுக்கு நேரே 'பங்கேற்கவில்லை' என்று எழுதினேன்.

படிவத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏனுங்க சார், எல்லாப் பீஸும் பாஸுன்னா செக்கிங்லதானுங்க கோளாறு."

"வம்பு வேண்டாமுங்க டீச்சர். குறை எழுதுனா அடுத்த வருசம் கேம்ப்பே இருக்காதுங்க."

நீங்கள் காதில் வாங்கவில்லை. விளக்குகளின் வயர்களைப் பிடுங்கிவிட்டு, "கண்ணுகளா, மறுபடி எரிய வைங்க பாக்கலாம்" என்றீர்கள். பாதிப் பேர் திருதிருவென விழித்தார்கள். அதுவரை முகாம் நடத்த வந்தவர்களே வயர்களை இணைத்துக் கொடுத்திருந்தார்கள். முதலில் எரிய வைத்தது அந்தப் பெண்தான். பிறகு பக்கத்தில் இருந்தவளின் பேட்டரியையும் பேசாமல் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள்.

ஓர் அம்பை உரித்து, என் படிவத்தில் 'பங்கேற்கவில்லை'க்கு நேரே ஒட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஸ்டிக்கர் ஒட்டறது தூக்கிப் போடறதுக்கில்லீங்க சார். பிரிச்சு, திருப்பித் தெச்சு வாங்கறதுக்குங்க" என்றீர்கள்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினோம். பதில் வரும்வரை உங்கள்மேல் எனக்குக் கோபம்தான், முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் முகாம் ஐந்து நாளானது, பிள்ளைகள் செய்வதில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்களே சொன்னார்கள். ஆனாலும் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

இந்த முறை செலவு செய்வது வேறு கம்பெனி, நடத்துவது புது ஆட்கள். எல்லா விளக்கும் எரிகிறது. கையெழுத்துப் போட்ட படிவத்துக்காக வெளியே வேனில் காத்திருக்கிறார்கள். அதே பயம் எனக்கு மறுபடி வந்துவிட்டது டீச்சர். பாதிப் படிவத்தில் 'மிக நன்று' எழுதியும்விட்டேன்.

சுருளில் ஓர் அம்பை உரித்து, அந்த 'மிக நன்று' பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். படிவம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. வயர்களைப் பிடுங்கப் போகிறேன்.