தம்பி மகளுக்கு வைத்த ரஷ்யப் பெயர்

1971 மார்ச் 5, வெள்ளி

தம்பி காதருக்கு மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்த பெண்ணுக்கு இன்று ஏழாம் நாள். பெயர் வைத்தார்கள். நூர் என்று வைக்கச் சொல்லி ஒரு வாரமாகக் கெஞ்சினேன். ஐந்து வயதில் அம்மை வாரிக்கொண்டு போன என் மகளின் பெயர் அது.

குழந்தையின் காதில் பாங்கு சொல்லிவிட்டு பள்ளிவாசல் ஹஜ்ரத் பெயரைக் கேட்டார்.

"ஸ்வெத்லானா" என்றான் காதர். நெசவாளர் சங்கத்தில் ரஷ்யப் புத்தகம் படித்து வந்த வினை.

"இன்னாபா, மருந்து பேரு மாதிரி இருக்குது?"

"ரஷ்யாக்காரங்க பேரு ஹஜ்ரத். அவங்க பாஷையில வெளிச்சம்னு அர்த்தம்."

"அட, அரபில நம்ம நூருதான்! அர்த்தம் நல்லதா இருந்தா போதும்பா, வச்சிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பேரீச்சம்பழத் தட்டோடு நானும் சிரித்து வைத்தேன்.

அடுப்படியில் தம்பி மனைவி ஜுலேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சிக்காதீங்க அக்கா. செத்த புள்ள பேர வச்சா இதுவும் தங்காதுன்னு அவருதான் பயந்துக்கினு இருந்தாரு."

அல்லாவே இல்லை என்று சங்கத்தில் பேசுகிறவன் சகுனம் பார்க்கிறான். அர்த்தம் வேண்டுமாம், என் மகள் மட்டும் ஆகாதாம்.

பிறகு குழந்தையை என் மடியில் போட்டு, "அத்தா கூடப் பொறந்த மாமிதான் மொதல்ல கூப்பிடணும்" என்றார்கள். நாக்கு புரளவில்லை. "கண்ணு" என்றேன்.

இரவு இஷா தொழுதுவிட்டு அதன் ஆயுசுக்கு துஆ கேட்டேன். பெயர் சொல்லவில்லை. நூருக்கு அம்மை கண்டபோது பெயர் சொல்லித்தான் கேட்டேன். எந்தப் பிள்ளைக்குக் கேட்கிறேன் என்று இந்தத் தடவையாவது அல்லாவுக்குத் தெரியட்டும்.