கறுப்புத் துணியில் வெள்ளைக் கறை

அக்கா, இந்தத் திங்கட்கிழமை காலை உங்கள் துணி கிடைத்தது. ஆய்வகத்தைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றுகிறார்கள். மேசையின் அடி இழுப்பறையைக் காலி செய்தபோது, கையுறைப் பெட்டிக்கும் உடைந்த கால்குலேட்டருக்கும் அடியில் கிடந்தது. உள்பாவாடையிலிருந்து கத்தரித்த உள்ளங்கை அளவு கறுப்புத் துணி. நடுவில் வெள்ளையாக அந்தக் கறை. இரண்டு வருடமாகியும் விறைப்பு போகவில்லை. மடக்கினால் செதில் செதிலாக உதிர்கிறது.

அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. அதை நான்தான் அங்கே வைத்தேன், வைத்த நாளும் நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் முதலில் வந்தது ஆர்.எஸ்.புரத்தில் அந்தக் கிளினிக்கின் மாடி அறைக்கு. எச்.ஐ.வி. உள்ள பெண்களின் சங்கத்திலிருந்து ஆலோசனை சொல்ல ஒருவர் வருவார் என்று எங்கள் ஆய்வகத்தின் தலைவர் சார் சொல்லியிருந்தார். சோர்ந்த முகம் ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சைசிங் மில்லில் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, ஒரு பொட்டலம் காரப்பொரியோடு வந்தீர்கள். "எடுத்துக்குங்க அம்மணி, பஸ்சுல பாதி தின்னுபோட்டேன்" என்றீர்கள்.

நாங்கள் செய்வது என்னவென்று விளக்க நான் படாத பாடு பட்டேன். உடலுறவின்போது கிருமி பெண்ணின் உடலுக்குள் தொற்றாமல் தடுக்க, அவளே முன்கூட்டி உள்ளே பூசிக்கொள்ளும் மருந்து ஜெல். மருந்தைப் பிடித்து வைத்து, வழிந்துவிடாமல் ஒட்டி நிற்பது அதிலுள்ள பாலிமரின் வேலை. எந்தப் பாலிமர், எவ்வளவு என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் கேட்க முடியாத பெண்ணுக்கு, அவனிடம் கேட்காமலே ஒரு காவல். இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மாவிடம் களிம்பு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அன்னூரில் எங்கள் தெரு இன்றைக்கும் நான் தைலம் காய்ச்சுவதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் ஜெல்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, மெல்லப் பிரித்து, எவ்வளவு நீளம் இழுபடுகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தீர்கள். பாவு நூல் தறியில் அறுந்துவிடாமலிருக்கக் கஞ்சி போடுகிற மில்லில் வேலை பார்த்த விரல்கள். "கஞ்சி கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றீர்கள். அந்தக் கெட்டித்தன்மையை அளக்க நான் மெஷின் முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சாதாரணமாகச் சொன்னீர்கள்: "பத்து வருசம் முந்தி இது இருந்திருந்தா எனக்கு உதவியிருக்குமுங்க. எங்கூட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில வடக்க போனா ஆறு மாசத்துக்கொருக்கா வருவாரு. அத போடுங்க இத போடுங்கன்னு சொல்ல முடியுமா அந்தாளுகிட்ட?" நான் பொரியை மென்றேன்.

அடுத்த வாரம் லாரி, ரிக் வண்டி ஓட்டுபவர்களின் மனைவிமாரை அழைத்து வந்தீர்கள். மருந்து கலக்காத வெறும் ஜெல்லைப் புறங்கையில் தடவி, படிவத்திலிருந்த கேள்விகளைக் கேட்டேன். பிசுபிசுக்கிறதா? பிடித்திருக்கிறதா? எல்லோரும் ஒரே பதில்: "நல்லாருக்குதுங்க." அப்படிச் சொன்ன கையோடு ஒருவர் அதைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே "பிடித்திருக்கிறது" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கீழே டீக்கடையில் உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க அம்மணி, நீங்க இத்தன பதமா கேட்டா ஆருங்க நல்லால்லைம்பாங்க? பஸ் காசு குடுத்து, டீ வாங்கிக் குடுத்து, படிச்ச புள்ள கேக்குது. வேப்பெண்ணெயத் தடவி உட்டிருந்தாலும் நல்லாருக்குதுங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"அப்ப என்னங்க அக்கா கேக்கறது?"

"எங்க ஒளிச்சு வெப்பீங்கன்னு கேளுங்க. துணி ஆரு தொவைக்கறதுன்னு கேளுங்க."

போகும்போது கொஞ்சம் ஜெல் வேண்டும் என்றீர்கள். வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். முடியாது என்று சொல்ல வாய் வராமல் சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். எழுதவும் இல்லை.

நான்காம் நாள் இந்தத் துணியோடு வந்தீர்கள். ஜெல்லைத் தடவி, கொடியில் காயவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, மறுபடி காயவைத்திருந்தீர்கள். "பாருங்க, கஞ்சி போட்ட மாதிரி நிக்குது. பச்சத் தண்ணிக்குப் போகாது. லைன் வீட்டுல எல்லாரும் ஒரே கல்லுலதான் தொவைக்கறோம். மாமியாக்காரி இது என்னடின்னு கேட்டா என்னங்க சொல்லுவா அவ? புருசனுக்குத் தெரியாம வெச்சுக்கற மருந்துன்னு நீங்க சொல்றீங்க. இது ஊருக்கே சொல்லுமே."

அதைச் சாரிடம் காட்டச் சொன்னீர்கள். அந்த வாரமே ஆய்வுக் கூட்டம் இருந்தது. துணி என் பைக்குள் இருந்தது. படிவங்களைப் பார்த்துவிட்டு சார், "எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க, நல்லது. இந்த ஃபார்முலாவையே வெச்சுக்கலாம். வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். துணியை எடுத்தால் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட, அத்தனை பேர் நடுவில் உள்பாவாடைத் துணியை மேசைமீது வைக்க வேண்டும். "இல்லைங்க சார்" என்றேன். அந்தப் பெண்கள் நல்லாருக்குது என்றதற்காவது பஸ் காசு, டீ என்று ஒரு காரணம் இருந்தது, எனக்கு அதுவும் இல்லை.

மறுநாள் ஃபோனில் கேட்டீர்கள்: "சொல்லிப்போட்டீங்களா அம்மணி?"

"சொல்லிப்போட்டேனுங்க அக்கா."

"என்னன்னாங்க?"

"மாத்திரலாம்னாங்க."

உங்கள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டும் நான் திருத்தவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த ஃபார்முலா, மாதக்கணக்கில் கெடாமலிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் போய்விட்டது. பிறகு சொல்வதற்கு ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிடக் கடினமானது.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தே நாள். பத்து வருடமாக ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, கிருமியை அடக்கி வைத்திருந்த உடம்பு. உங்கள் லைன் வீட்டு வாசலில் யாரும் டெங்கு என்று நம்பத் தயாராக இல்லை. "அந்த நோவுதானுங்க, வேறென்ன" என்று என் காதுபட ஒரு பெரியவர் சொன்னார். "டெங்குங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அன்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாரே, அவரும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பசைய மாத்தீட்டாங்களாமா? இனிமேல்ட்டு கறை புடிக்காதுன்னு அக்கா எங்க எல்லார்த்துகிட்டயும் சொன்னாங்க." பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்க" என்றேன்.

வேறு நாடுகளில் இத்தகைய ஜெல்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் பெண்கள் தினமும் பூசிக்கொண்டதாகச் சொன்னார்கள், அவர்களுடைய இரத்தத்திலோ மருந்தே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்பார்கள். அவர்களிடம் யார், எப்படிக் கேட்டார்கள், துணியை யார் துவைத்தார்கள் என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தியதில்லை. இப்போது தொற்றைத் தடுக்க ஊசி வந்துவிட்டது, மாத்திரை வந்துவிட்டது, ஜெல்லுக்கு இனி யார் பணம் தருவார்கள் என்று வேறு சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை மதியம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த சாரின் முன்னால் துணியை வைத்தேன். பாட்டில் கொடுத்தது, நீங்கள் அலசிப் பார்த்தது, படிவங்களில் போட்ட டிக் எல்லாம் சொன்னேன். அவர் துணியை மடக்கிப் பார்த்தார், செதில் உதிர்ந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ குடுத்தது மருந்தில்லாத வெறும் ஜெல்தானம்மா. அப்பவே சொல்லியிருக்கலாமே. பாலிமரைக் குறைச்சு, காஞ்சாலும் தண்ணியில கரையற மாதிரி மாத்தறது ரெண்டு வாரத்து வேலை. இப்ப எல்லாச் சோதனையும் திரும்ப மொதல்ல இருந்து பண்ணணுமே" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அவர் கோபப்படவே இல்லை. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். அவர் கத்தியிருந்தால், பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்றாவது சொல்லிக்கொள்வேன். ரெண்டு வாரத்து வேலை. அப்போதே சொல்லியிருந்தால், அது முடியும்போது நீங்கள் இருந்திருப்பீர்கள். விரலில் தேய்த்து இழுத்துப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

மாற்றிய ஃபார்முலாவுக்குச் சோதனைத் திட்டம் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன். படிவத்தையும் மாற்றிவிட்டேன். முதல் கேள்வி, வீட்டில் துணி துவைப்பது யார்? இரண்டாவது, இதை எங்கே வைப்பீர்கள்? "பிடித்திருக்கிறதா" என்ற கேள்வியை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, பாலிமரைக் குறைத்து வெறும் ஜெல் கொஞ்சம் செய்தேன். பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்து வந்தேன். என்னுடைய கறுப்பு உள்பாவாடையில் ஒரு துண்டு கத்தரித்து, ஜெல்லைத் தடவி, ஹாஸ்டல் மொட்டைமாடிக் கொடியில் காயவைத்தேன். பக்கத்து அறைப் பெண், "இதென்னங்க்கா, இதப் போயி வெட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள். சொன்னேன். தரையைப் பார்க்காமல் முழுவதும் சொன்னேன். "ஐயே" என்றாள். பிறகு அவளே உட்கார்ந்து, கறை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

இன்று காலை அலசிப் பார்த்தேன். விறைப்பு குறைந்திருக்கிறது. ஆனால் வெயிலில் பிடித்தால் ஓரத்தில் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. கல்லில் துவைக்கும் ஒரு மாமியாரின் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு துணிகளையும் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் துணிக்குக் கீழே, சோதித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். இரண்டாவதற்குக் கீழே என் பெயர். முடிவு என்ற இடத்தில் "நல்லா இல்லை" என்று எழுதி, சாரின் மேசைமீது திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.