நல்ல காலின் அளவு

2025 பெப்ரவரி 12, புதன்

புரூக் இடது முழங்காலைச் சுளுக்கிக்கொண்டு இன்றோடு ஐந்து வாரம். காலையில் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டவளிடம், "நோகுதோ?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்லை, இல்லை."

ஆமென்பதற்கு ஓம், மறுக்க இல்லை — அமெரிக்காக்காரிக்கு எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்ட தமிழ் இவ்வளவுதான். பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் பிசியோ, அவள் நடுக்கள ஆட்டக்காரி. எங்கள் வீட்டுப் பின்வளவிலுள்ள சின்ன வீட்டில் அவளைக் குடிவைத்தபோது என் கணவர் நிரூஜன் சொன்னார்: "வேலையை வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வாறீர்." நான் கேட்கவில்லை.

முப்பத்தொரு வயது. ஒகையோவில் கல்லூரி ஆட்டம், பிறகு மூன்று அமெரிக்கக் கழகங்கள், சுவீடனில் ஒரு பனிக்காலம். இரண்டு கழகங்களை இழுத்தே மூடிவிட்டார்கள். மார்ச் முதலாம் திகதி இறங்கி ஆடினால்தான் இங்கே அடுத்த பருவ ஒப்பந்தம். இல்லையென்றால் ஊருக்கு.

பெப்ரவரி 20, வியாழன்

ஒற்றைக்காலில் பாய்ந்து அதே காலில் ஊன்ற வேண்டும். நாடா பிடித்து அளப்பேன். நொந்த கால், நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறை எட்ட வேண்டும்.

வலது 142 சென்ரிமீற்றர். இடது 131. தொண்ணூற்றிரண்டு. ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மகள் ரேச்சல் இரவுச் சாப்பாட்டுக்கும் புரூக்கின் எட்டாம் இலக்கச் சட்டையோடுதான் வந்தாள். பதினாலு வயது!

மார்ச் 1, சனி

அறுபத்தோராம் நிமிடம். யாரும் தொடவில்லை. திரும்பினாள், விழுந்தாள். ஓடிப்போய் முழங்காலைப் பிடித்ததுமே என் கைக்குத் தெரிந்துவிட்டது. தசைநார் அறுந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

பருவத் தொடக்கப் பதிவைத் தேடி எடுத்தேன். அவளுடைய வலது கால், 171.

நல்ல கால் எப்படி 142 ஆகக் குறுகும்?

வேண்டுமென்றே குறைத்துப் பாய்ந்திருக்கிறாள். நொந்த கால் அதற்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று. இந்தத் தாளை அண்டைக்கே எடுத்துப் பார்க்க ரெண்டு நிமிசம் போதும். ஏன் பாக்கேல்லை நான்? எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு நினைச்சன் — அதுதான்.

மார்ச் 5, புதன்

ரேச்சலுக்குத் தெரியும்.

பின்வளவுப் புல்லில் இரண்டு பின்னேரம் குறைத்துப் பாயப் பழகியிருக்கிறார்கள். புரூக் பாய, நாடா பிடித்தது என் மகள். "ஷி ஜஸ்ட் வான்டட் டு பிளே, அம்மா. யூ வுட்ன்ட் லெட் ஹேர்." அவளுக்கு ஆடத்தான் வேணுமாம், நான்தான் விடமாட்டனாம்.

கடைக்குப் போனாலும் சொல்லிப்போட்டுப் போற பிள்ளை. என்ர நாடா, என்ர வளவு. நான் குசினியில நிண்டு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே புட்டு அவிச்சன்?

மார்ச் 19, புதன்

கழகத்தில் விசாரணை. "பிசியோ ஆடலாம் என்றார், ஆடினேன்" என்று புரூக் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

171ஐக் காட்டினேன். "இதை ஏன் அன்றைக்கே பார்க்கவில்லை?" என்றார்கள். நான் ரேச்சலின் பெயரை எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சின்ன வீடு காலி. கதவுத் திறப்பு மட்டும் தபால் பெட்டிக்குள் கிடந்தது.

மே 6, செவ்வாய்

கழகம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. ஹென்டர்சன் புறநகரில் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க முதுகும் தோளும். "இனிச் சனிக்கிழமையில வீட்டில நிப்பீர்" என்றார் நிரூஜன், ஆறுதலாகத்தான்.

எட்டாம் இலக்கச் சட்டை எங்கே என்று ரேச்சலிடம் நான் கேட்பதில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பதினொரு மணிக்குப் பதிந்திருந்த பெயர் புரூக்.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டு மாதம். மெல்பேர்ன் கழகமொன்று பாய்ச்சல் அளவு கேட்கிறதாம். ஏன் என்னிடம்? "மற்ற பிசியோக்களுக்கு என் வலது காலைத் தெரியாது" என்றாள். பிறகு மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினாள்.

"பாய்" என்றேன். மன்னித்தேன் என்று இங்கே எழுதவும் வரவில்லை.

வலது 170. முழுதாகப் பாய்ந்தாள், தரை அதிர்ந்தது.

இடது 129.

எழுபத்தாறு. அவள் பார்க்கவே எழுதினேன். மெல்பேர்ன் இதை ஏற்காது, அவளுக்கும் தெரியும். சுவரைப் பிடித்தபடி இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நோகுதோ?" — என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஓம்."